வாளை வைத்துவிட்டுக் கணக்கை எடுங்கள்: காவிரிக் கரையில் ஒரு வீரகதைப் பகடி நாவல் எழுதுவது எப்படி?

சரித்திர நாவல் என்று உட்கார்ந்தால் நம் பக்கத்தில் கதை தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். காவிரிக் கரையில் ஒரு குதிரை வரும். குதிரைமேல் இருபது வயதுக்காரன் ஒருவன். ஒரு மாளிகை, மாளிகைக்குள் சுரங்கம், சுரங்கத்தின் மறுமுனையில் சதி. அத்தியாயம் முடிகிற இடத்தில் “அங்கே அவன் கண்ட காட்சி...” என்று மூன்று புள்ளி. இந்த வகையைக் கிண்டல் செய்து, வரலாற்றையும் ஓரிடத்தில் வளைத்து, “அன்றைக்கு வேறு மாதிரி நடந்திருந்தால்?” என்று ஒரு நாவல் எழுத ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். களம் நம் டெல்டாதான்: தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், திருவாரூர், நாகப்பட்டினம்.

வீரகதையைக் கிண்டல் செய்ய வீரனைக் கோமாளியாக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இளவரசன் வழுக்கி விழுவான், ராஜகுரு தும்முவார், குதிரை சாணி போடும். இரண்டு அத்தியாயம் சிரிப்பு வரும். மூன்றாவதில் கொட்டாவி வரும். டெல்டாவில் இதைவிடப் பெரிய சிரிப்பு கல்லிலேயே வெட்டிக் கிடக்கிறது. சோழர் காலம் நமக்கு விட்டுப்போன கல்வெட்டுகளில் பெரும்பங்கு கணக்கு வழக்குதான். நிலம் எவ்வளவு, நெல் எவ்வளவு, வரி யார் கட்ட வேண்டும், யார் கட்டவில்லை, விளக்கு எரிக்க ஆடு எத்தனை. கனவில் குதிரை ஓட்டுகிற வீரனைக் கொண்டுபோய் அந்தக் கணக்கு எழுதுகிறவர் முன்னால் நிறுத்துங்கள். உங்கள் நாவல் அங்கே ஆரம்பிக்கும்.

தொடங்கும் முன்: இது புதுச்சரக்கு இல்லை

வீரகதையைப் பகடி செய்யும் நாவலுக்கு உலகம் முழுக்கக் காட்டும் முன்னோடி ஸ்பெயினின் டான் குயிக்ஸோட். முதல் பாகம் 1605இல் வந்தது. வீரர் கதைகளைப் படித்துப் படித்துப் புத்தி பேதலித்த ஒருவர், காற்றாலையை அரக்கன் என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறார். 1889இல் மார்க் ட்வைன் ஓர் அமெரிக்கத் தொழிற்சாலைக்காரனை ஆர்தர் மன்னனின் சபைக்கே அனுப்பிவைத்தார்.

“இப்படி நடந்திருந்தால்” என்ற கேள்வி அதைவிடப் பழையது. அலெக்சாண்டர் மேற்கே திரும்பி ரோமின்மேல் படையெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கேட்டுப் பார்த்தார். அவர் கண்டுபிடித்த பதில்: ரோம்தான் ஜெயித்திருக்கும். எங்கள் ஆள்தான் ஜெயித்திருப்பான் என்று முடிப்பது மாற்று வரலாற்றைப் பிடித்த பழைய வியாதி. உங்கள் நாவலுக்கு அது வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்மிடம் இதற்கு இலக்கணமே இருக்கிறது. தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. முன்னது நேராகத் திட்டுவது, பின்னது மறைத்துக் குத்துவது. பின்னதற்கு ஔவையார் தொண்டைமானிடம் பேசியதைவிட நல்ல பாடம் கிடையாது. புறநானூறு 95ஆம் பாட்டு. உன் ஆயுதங்கள் மயிற்பீலி கட்டி, மாலை போட்டு, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். கேட்பவனுக்குப் பாராட்டு மாதிரியே இருக்கும். வீட்டுக்குப் போனபிறகுதான் எரியும்.

கலிங்கத்துப்பரணியையும் இந்தக் கண்ணோடு ஒருமுறை திரும்பப் படிக்கலாம். போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் சமைக்கின்றன. பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய் என்று வகைவகையாகப் பந்தி நடக்கிறது. வெற்றியைப் பாட வந்த நூலிலேயே சமையலும் பரிமாறலும் இத்தனை இடம் பிடித்துக்கொள்கின்றன என்றால், நாம் தாராளமாகப் போர்க்களத்தை விட்டு அடுப்பங்கரைக்குப் போகலாம்.

முதல் படி: எதைக் கிண்டல் செய்கிறீர்கள்?

ஒரு தாள் எடுத்து, வீரகதையில் கேள்வி கேட்காமல் நாம் நம்பிவிடுகிற சங்கதிகளை எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் டெல்டா மண்ணில் இறக்கிப் பாருங்கள். எது முழுகுகிறதோ அது உங்கள் சரக்கு.

சுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். பழையாறையிலிருந்து தஞ்சைக்கு, தஞ்சையிலிருந்து இன்னொரு கோயிலுக்கு என்று ஊருக்கு ஒரு சுரங்கக் கதை உண்டு. ஐப்பசியில் நம் பக்கத்தில் கடப்பாரை போட்டிருக்கிறீர்களா? ஆள் உயரம் தோண்டுவதற்குள் ஊற்று எட்டிப் பார்க்கும். ஆகவே உங்கள் நாவலில் சுரங்கம் இருக்கட்டும், அதில் கழுத்தளவு தண்ணீரும் இருக்கட்டும். சதிகாரர்கள் பரிசலில் வருவார்கள். ரகசியம் பேசினால் தவளைச் சத்தத்தில் காதில் விழாது. உரக்கப் பேசினால் மேலே நாற்று நடுகிற பெண்களுக்குக் கேட்டுவிடும், அவர்கள் களத்து மேட்டில் சொல்லிவிடுவார்கள். இரண்டாம் அத்தியாயத்திலேயே ஊருக்கே தெரிந்துபோன சதியை, சதிகாரர்கள் மட்டும் கடைசி வரைக்கும் ரகசியமாக நடத்துவதை வைத்தே ஒரு பாகம் ஓட்டலாம்.

குதிரை. சேற்று வயல் வரப்பில் நாலுகால் பாய்ச்சலில் போன குதிரை எங்கே போய் நிற்கும் என்று நம் ஊர் மாட்டைக் கேட்டாலே தெரியும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டு அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைக் கடல்வழியே வாங்குவதையும், பார்த்துக்கொள்ளத் தெரியாமல் அவை செத்துப்போவதையும் எழுதிவைத்திருக்கிறார். சோறு சமைத்துப் போட்டார்களாம். உங்கள் வீரனின் குதிரை தயிர்சாதம் சாப்பிட்டுக் கொழுத்து, வெயிலில் எழுந்திருக்க மாட்டேன் என்றால், அதில் கற்பனை கொஞ்சம்தான்.

வயது. வீரகதையில் நாட்டைக் காப்பாற்றுகிறவனுக்கு இருபதைத் தாண்டியிருக்காது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, சபையின் வாரியத்துக்குக் குடவோலையில் பெயர் எழுத வேண்டுமானால் வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும் என்கிறது. கால் வேலிக்குமேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் கூடாது, அவனுடைய நெருங்கிய உறவுக்காரர்களும் கூடாது. உத்திரமேரூர் டெல்டாவில் இல்லை, காஞ்சிபுரம் பக்கம். ஆனால் அந்த விதியைத் தூக்கிவந்து உங்கள் கற்பனை ஊரில் வைப்பதை யார் தடுக்கப்போகிறார்கள்?

வீரன் சபைக்குள் புயல்போல நுழைகிறான் என்று வையுங்கள்.

“நாடு பற்றி எரிகிறது! என்னிடம் படையைக் கொடுங்கள்!”

“இருக்கட்டும் தம்பி. வயசு என்ன?”

“இருபத்திரண்டு, ஐயா.”

“சரி. பதின்மூணு வருஷம் கழித்து வா. வரும்போது மனைக்கு உண்டான ஓலையைக் கொண்டுவா.”

“அதற்குள் நாடு சாம்பலாகிவிடும்!”

“சாம்பல் வயலுக்கு நல்லதுதான். அதிருக்க, உன் பெரியம்மா மகன் போன வருஷம் ஏரி வாரியத்தில் இருந்தானே, கணக்குக் காட்டினானா?”

வீரன் முதல்முறையாகத் தலைகுனிகிறான். இந்த இடத்தில் யாரும் கோமாளித்தனம் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். சபைக்காரர் தன் வேலையை ஒழுங்காகப் பார்க்கிறார், வீரனும் உண்மையான ஆவேசத்தோடுதான் வந்தான். இரண்டு பேரும் சரியாக நடந்துகொள்ளும்போது வருகிற சிரிப்புக்கு ஆயுசு அதிகம்.

இரண்டாம் படி: வரலாறு எங்கே பிரிகிறது?

மாற்று வரலாற்றில் ஒரே ஓர் இடத்தில்தான் கை வைக்க வேண்டும். தலைப்பில் ஒரு மதகைத் திருப்பினால் கடைமடை வரை எல்லா வயலின் கதையும் மாறிவிடுகிற மாதிரி, மற்றதெல்லாம் அந்த ஒரு மாற்றத்திலிருந்து தானாக வர வேண்டும். நாலு இடத்தில் மாற்றினால் அது வேறு ஒரு மாயாஜாலக் கதை.

என் சிபாரிசு தக்கோலம், 949. இன்றைய அரக்கோணம் பக்கத்தில் நடந்த போர். ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனும் கங்க மன்னன் பூதுகனும் ஒருபக்கம், பராந்தகனின் மூத்த மகன் ராஜாதித்தன் மறுபக்கம். யானைமேல் இருந்தபடியே ராஜாதித்தன் கொல்லப்பட்டான். “ஆனைமேல் துஞ்சினார்” என்பதே பிற்பாடு அவன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த முப்பது வருஷமும் சோழநாட்டுக்கு இறங்குமுகம்தான். கண்டராதித்தன், அரிஞ்சயன், சுந்தரசோழன், உத்தமசோழன் என்று பட்டம் கைமாறி, 985இல் ராஜராஜனிடம் வருகிறது.

இப்போது ஒரே ஒரு மாற்றம். ராஜாதித்தனின் யானை, போர் மும்முரமான நேரத்தில் பக்கத்திலிருந்த கரும்புத் தோட்டத்தைப் பார்த்துவிடுகிறது. அவ்வளவுதான். அம்பு காலி இடத்தில் போய் விழுகிறது. இளவரசன் தோட்டத்துக்குள் பத்திரமாக இருக்கிறான், வெளியே வரத்தான் முடியவில்லை.

ராஜாதித்தன் உயிரோடு திரும்பிவிட்டால் பட்டம் அவன் வழியில் போகும். அரிஞ்சயனின் பேரனான ராஜராஜன், எங்கோ ஒரு கிளையில் பிறந்த தம்பி பேரன் மட்டுமே. அவனுக்குப் பட்டமும் இல்லை, பெரிய கோயிலும் இல்லை. தஞ்சாவூருக்குப் பயணிகளை இழுக்கத் தலையாட்டி பொம்மை மட்டும் மிச்சம்.

தக்கோலம் வேண்டாம் என்றால் வேறு இடங்களும் உண்டு. தஞ்சை நாயக்கர் ரகுநாதர் காலத்தில், 1620இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் கால்வைத்தார்கள். 1845இல் அதைப் பிரிட்டிஷாருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். விற்காமல் இருந்திருந்தால், மாயவரத்திலிருந்து கிளம்பும் டவுன் பஸ்ஸில் பொறையாறு தாண்டியதும் கண்டக்டர் விசா கேட்பார்.

கல்வெட்டுப் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழியும் சொல்லிவைக்கிறேன். வாட்ஸ்அப்பில் வரும் பெருமைகளை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பார்கள். விழும், மாலையில் நீங்களே போய்ப் பார்க்கலாம். ஆனால் உங்கள் நாவலின் உலகத்தில் நிஜமாகவே விழாது. அப்படியென்றால் விழவேண்டிய நிழல் எங்கே போகிறது? யாரோ பதுக்குகிறார்கள். வாசலில் பூ விற்கிறவர்கள் வெயிலில் வாடி மனு கொடுக்கிறார்கள். நிழல் வாரியம் ஒன்று போடப்படுகிறது. நிழலுக்கு வரி வருகிறது. இது ஒரு குறுநாவலுக்குத் தாங்கும்.

மூன்றாம் படி: விளைவுகளைக் கருணையில்லாமல் இழுங்கள்

பெரும்பாலான கையெழுத்துப் பிரதிகள் படுத்துவிடுவது இங்கேதான். பிரியும் இடம் பிரமாதமாக இருக்கும், பிறகு பழைய கதையே பெயர் மாற்றி ஓடும். ஒரு மாற்றத்தை எடுத்தால், “சரி, அப்புறம்?” என்று சின்னக் குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

தக்கோலத்தையே இழுத்துப் பார்ப்போம். காட்டுமன்னார்கோயில் பக்கத்து வீராணம் ஏரி, பராந்தகனின் வீரநாராயணன் என்ற பட்டப்பெயரில் அமைந்தது. வடக்கே போருக்குப் போகக் காத்திருந்த காலத்தில் ராஜாதித்தனின் படைவீரர்கள் வெட்டியது என்று வழிவழியாகச் சொல்வார்கள். இன்று அதிலிருந்து சென்னைக்குக் குடிநீர் போகிறது.

ஆக, உங்கள் நாயகன் ஏரி வெட்டிப் பெயர் வாங்கியவன். போரில் பெயர் வாங்கவில்லை, கரும்புத் தோட்டத்து விவகாரம் ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. ஊர் வாயை அடைக்க என்ன செய்வான்? இன்னொரு ஏரி வெட்டுவான். சரி, அப்புறம்? அவன் மகன் பட்டத்துக்கு வந்ததும் அப்பனை மிஞ்ச வேண்டும். அதைவிடப் பெரிய ஏரி. அப்புறம்? தளபதிகள், சிற்றரசர்கள், வணிகர்கள் எல்லோருக்கும் தங்கள் பெயரில் ஓர் ஏரி வேண்டும். இரண்டு தலைமுறையில் கொள்ளிடம் முதல் வேதாரண்யம் வரை ஒரே ஏரி. பாசனத்துக்குத் தண்ணீர் கடல்போல இருக்கிறது. பாய்ச்சுவதற்குத்தான் வயல் இல்லை.

வயல் இல்லையென்றால் நெல் இல்லை. நெல் இல்லையென்றால் வரியை மீனாகத்தான் வாங்க வேண்டும், மீன் நாலு நாளில் கருவூலத்தை நாறடிக்கும். குதிரைப்படை ஓடப்படையாகிறது. படையெடுத்து வந்த எதிரி கரையிலேயே நின்று, “நீங்கள் ஜெயித்தீர்களா, நாங்கள் ஜெயித்தோமா?” என்று விசாரித்துவிட்டுத் திரும்பிப் போகிறான். அருள்மொழி என்ற இளைஞன், நிஜ வரலாற்றில் ராஜராஜன் ஆனவன்தான், ஏரி வாரியத்தில் சின்ன உத்தியோகத்தில் இருக்கிறான். வானளாவ ஒரு கோயில் கட்ட வேண்டும் என்பது அவன் கனவு. அதற்குக் காய்ந்த தரையாக ஒரு மா நிலம் கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறான். கடைசியில் அவன் செய்யப்போகும் மாபெரும் வீரச்செயல் ஓர் ஏரியைத் தூர்ப்பது.

இந்தக் கதை எங்கேயோ இடிக்கிறதல்லவா? தூர்ந்துபோன குளத்தில் பஸ் ஸ்டாண்டு கட்டிய ஊர்களில் இருப்பவர்களுக்கு நன்றாகவே இடிக்கும். அடிக்கல் நாட்டுவிழாக்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுத வேண்டாம், வாசகர் தானாகப் போய்ச் சேர்ந்துகொள்வார். தொல்காப்பியர் சொன்ன இரண்டாவது வகை இதுதான்.

நான்காம் படி: கல்லைப் படியுங்கள்

பெரிய கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. தாராளமாக ஒரு மாதம் அதோடு குடித்தனம் நடத்துங்கள். “நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்” கல்லில் வெட்டச் சொன்ன ராஜாவின் குரல் அதில் கேட்கும். அது வீரகதைக் குரல் இல்லை. கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுதச் சொல்கிற குரல்.

அதே கோயிலுக்குப் பல ஊர்க் கோயில்களிலிருந்து தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிப்பாடும் பெண்கள், நானூறு பேரைக் கொண்டுவந்தார்கள். யார் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், தெற்குத் தெருவா வடக்குத் தெருவா, எத்தனையாவது வீடு என்பது வரை பெயர் பெயராகக் கல்லில் இருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல்.

இந்த நூறு கலத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு வீரகதையின் படைகளுக்குச் சாப்பாடு போட்டுப் பாருங்கள். ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி, ஒரு குறுணிக்கு எட்டு நாழி, ஆக ஒரு கலம் 96 நாழி. ஐந்து நாழி நெல் குத்தினால் இரண்டு நாழி அரிசி என்பது கல்வெட்டுகளில் வரும் வீதம். ஒரு வீரனுக்கு நாளுக்கு இரண்டு நாழி அரிசி என்று நாமாக வைத்துக்கொண்டால் ஐந்து நாழி நெல். பத்தாயிரம் பேருக்கு ஐம்பதாயிரம் நாழி, அதாவது ஏறக்குறைய 521 கலம். ஐந்து பெண்களின் ஓராண்டுப் பங்கு ஒரு நாளில் காலி. தொடர்கதைகளில் சர்வசாதாரணமாகக் கிளம்பும் லட்சம் பேர் படைக்கு நாளுக்கு 5,208 கலம். உங்கள் வீரன் வீர உரை ஆற்றிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒருவர் ஓலையில் இதைக் கூட்டிக்கொண்டே நிற்கட்டும். உரை நீள நீள அவர் முகம் போகிற போக்கை எழுதுங்கள்.

நிலக் கணக்கு இதையும் மிஞ்சும். முந்திரி என்றால் 1/320. கீழ்முந்திரி என்றால் அந்த முந்திரியில் 1/320. பெரிய கோயில் கல்வெட்டுகளில் நிலத்தை இந்தக் கீழ்க்கணக்குக்கும் கீழே போய் அளந்திருக்கிறார்கள். கதையில் “உனக்குப் பாதி ராஜ்யம் தந்தேன்” என்று ராஜா வாய்தவறிச் சொல்லிவிடுகிறார். அந்தப் பாதியை அளக்கப் போனவர்கள் ஐந்தாவது பாகத்தில் திரும்பி வருகிறார்கள்.

கொலைக்கும் வாருங்கள். ஆதித்த கரிகாலன் கொலையை வைத்து எத்தனை மர்மம் பின்னியிருக்கிறோம்! கல்லில் அது எப்படி வருகிறது தெரியுமா? காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. “கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான” ரவிதாசன், அவன் சகோதரர்கள், அவர்களின் உறவினர்கள் சொத்தைப் பறிமுதல் செய்து விற்பது சம்பந்தமான ஆவணம். சோழநாட்டின் மிகப் பெரிய கொலை, ஒரு நில விவகாரத்தின் முகவுரையில் ஒரு தொடராக வந்துவிட்டுப் போகிறது. இந்த உத்தியை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நாவலின் உச்சக்கட்டப் போரை நேராகக் காட்டாதீர்கள். போருக்குப் பிறகு மிதிபட்ட வயலுக்கு நஷ்டஈடு கேட்டு நடக்கும் வழக்கில், சாட்சிகள் வாயால் துண்டு துண்டாக வரட்டும். வீரனின் இறுதி வாள்வீச்சு, “மேற்படி நிலத்தின் வடகிழக்கு மூலையில், அறுவடைக்கு நின்ற கதிரின்மேல்” நிகழ்ந்ததாகப் பதிவாகட்டும்.

ஐந்தாம் படி: குரல்

பகடிக்கு இரண்டு நடை கையில் இருக்க வேண்டும். ஒன்று தொடர்கதை நடை: “வாசகர்களே, சற்றே பொறுங்கள்” என்று தோளில் கைபோடுவது. இன்னொன்று மெய்க்கீர்த்தி நடை. அரசன் ஜெயித்த நாடுகளை வரிசையாகச் சொல்லி, ஆண்டு கூடக்கூட வெற்றிகளையும் கூட்டிக்கொண்டே போகும் முகவுரை அது. இரண்டையும் மாற்றி மாற்றி விடலாம். மெய்க்கீர்த்தியை அதன் ஓசை கெடாமல் எழுதப் பழகுங்கள். மாதிரிக்கு ஒன்று:

ஸ்வஸ்திஸ்ரீ. கடைமடை காணக் கலிநீர் தருவேன் எனத் தலைமடை தன்னில் வலைவிரித் தருளிப், படைவரு கென்று பறையறை வித்துக் கரும்பிடை யானை கால்மறித் தருள, இருபகல் ஓரிரா இருந்தங் கருளி, முக்கல நெல்லுக்கு முந்நூ றோலை எழுது வித்தருளிய, கணக்குக் கேட்டார் வாயடைத்த பெருமாளுக்கு யாண்டு இரண்டாவது.

ஒவ்வொரு பாகத் தொடக்கத்திலும் இதே முகவுரையை இரண்டு வரி நீட்டிப் போடுங்கள். மூன்றாம் பாகத்தில், யானை கரும்புத் தோட்டத்தில் நின்றது “கரும்பர் நாடு கொண்டருளி” என்று ஆகிவிட வேண்டும். வரலாறு எப்படி உப்புகிறது என்பதை விளக்கி ஒரு பாத்திரம் பேசத் தேவையே இருக்காது.

சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று பட்டப்பெயரை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். அப்பா ஒன்று என்றால் பிள்ளை மற்றது. பராந்தகன் பரகேசரி, ஆகவே நம் ராஜாதித்தன் ராஜகேசரி, அடுத்து வருகிறவன் பரகேசரி. திருவையாற்றுப் பக்கம் ஒரு கல்தச்சர் முன்யோசனைக்காரர். அடுத்த பட்டத்துக்குத் தேவைப்படும் என்று “கோப்பரகேசரி” என்று முகப்பு வெட்டிய கற்களைச் சாய்ப்பில் அடுக்கி வைத்திருக்கிறார். ராஜாவோ சாகிற வழியாக இல்லை. வருஷாவருஷம் கற்களில் பாசி ஏறுகிறது. மனைவி அதில் ஒன்றைத் துணி துவைக்க எடுத்துப்போட்டுவிட்டாள். அரண்மனையிலிருந்து யார் வந்தாலும் அவர், “மகாராஜா சௌக்கியமா?” என்று கேட்கிறார். இவ்வளவு அக்கறையோடு நாட்டிலேயே வேறு யாரும் கேட்பதில்லை. இப்படி ஒரு சின்ன ஆள் கிடைத்தால் விடாதீர்கள். சில சமயம் நாவலையே அவர் கையில் கொடுத்துவிடலாம்.

ஆறாம் படி: யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்?

இதில் நான் கறார். சிரிப்பு மேல்நோக்கித்தான் போக வேண்டும். பெரிய கோயில் கல்வெட்டுகள் ஊர்களின் வரியில்லா நிலத்தைப் பட்டியலிடும்போது ஊர்நத்தம், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று தனித்தனியே எண்ணுகின்றன. யார் எங்கே இருக்க வேண்டும் என்பது அன்றே கோடு போட்டு வைக்கப்பட்டது. பொற்காலம் என்று சொல்லும்போது இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கமிருந்து சொல்கிறோம் என்று கேட்பதற்குப் பகடியைவிடத் தோதான வடிவம் இல்லை. குடவோலையும் அப்படித்தான். உலகின் முதல் ஜனநாயகம் என்று மார்தட்டுகிறோம். அது பிராமணர்களுக்குக் கொடையாகக் கொடுத்த ஒரு பிரம்மதேய ஊரின் சபை. நிலமும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமான குலுக்கல். சேரியிலிருந்து ஒருவர் அந்தக் குடத்தைத் தூரத்திலிருந்து பார்க்கிறார் என்று ஒரு காட்சி வைத்தால், அங்கே நகைச்சுவையைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். நாவல் தாங்கும்.

தளிச்சேரிப் பெண்களை மலிவான சிரிப்புக்குப் பயன்படுத்துகிற பிரதியை நான் அதற்குமேல் படிப்பதில்லை. அவர்களில் ஒருவரைக் கதைசொல்லி ஆக்குங்கள். கணக்கு, பாட்டு, அரண்மனை வம்பு மூன்றும் தெரிந்தவர், சொந்தமாக வீடும் உள்ளவர். வீரன் பேச்சை நம்ப வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

ராஜராஜன் எங்கள் சாதி என்று சொல்லிக்கொள்ள இன்று பல தரப்பு இருக்கிறது. ஐப்பசி சதயத்தன்று தஞ்சாவூர் பக்கம் சுவரொட்டிகளைப் பார்த்தாலே தெரியும். பயப்பட வேண்டாம், ஆனால் தெரிந்தே எழுதுங்கள். பெரிய அரசர்களை ஓரமாக நடமாடவிட்டு, கிண்டலின் பாரத்தை நீங்கள் உண்டாக்கிய சிற்றரசன் தலையில் ஏற்றினால் எழுதவும் வசதி, விரிக்கவும் வசதி. இன்றைய குடும்பப் பெயர்களைச் சதிகாரர்களுக்கு வைக்காதீர்கள்.

ஏழாம் படி: பருவமும் பந்தியும்

கதையை அத்தியாயக் கணக்கில் திட்டமிடுவதைவிட மாதக் கணக்கில் திட்டமிடுவது டெல்டாவுக்குச் சரிப்படும். ஆடியில் புதுத்தண்ணீர், அதோடு ஆசைகளும் வாக்குறுதிகளும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை. யாரும் எங்கேயும் போக முடியாது, அதனால் சதிகள். தையில் அறுவடை, அதோடு வரியும் சண்டையும். பங்குனி, சித்திரையில் ஆறு மணலாகக் கிடக்கும், படை நடக்கும். உங்கள் ஏரி உலகத்தில் இந்தப் பருவங்கள் எப்படிக் கலைகின்றன என்பதே பாதி நாவல்.

சாப்பாட்டில் கவனம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எதுவும் அப்போது இல்லை. மிளகாய் போர்ச்சுக்கீசியர் வந்த பிறகு வந்தது. காரத்துக்கு மிளகுதான். காப்பியும் கிடையாது. கும்பகோணத்தில் விடிகாலை காப்பி இல்லாத ஓர் உலகம் என்பதே சிலருக்குப் போதுமான பயங்கரக் கற்பனை.

எட்டாம் படி: எழுதி முடித்த பிறகு

முதல் வரைவில் சிரிப்பைப் பற்றிக் கவலைப்படாமல் விளைவுகளை மட்டும் எழுதிச் செல்லுங்கள். இரண்டாம் வரைவில் நகைச்சுவை என்று தெரிந்தே எழுதிய வரிகளை எடுத்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் வரிகளில்தான் ஆட்கள் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வாராவாரம் தொடராக இணையத்தில் போடுவதானால், மூன்று புள்ளி வைத்து முடிக்கும் வழக்கத்தையும் பகடியில் சேர்த்துக்கொள்ளலாம். “கதவு திறந்தது. உள்ளே நின்றவர்...” என்று முடித்துவிட்டு, அடுத்த வாரம் கதவைத் தச்சர் செப்பனிட்ட கூலிக் கணக்கோடு தொடங்குங்கள். உள்ளே நின்றவர் யார் என்று நாலு வாரம் கழித்துப் போகிறபோக்கில் வரட்டும். திட்டுவார்கள், ஆனால் படிப்பார்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இரண்டு பேரிடம் காட்டுங்கள். ஒருவர் கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர். தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகமும் சரஸ்வதி மகால் நூலகமும் இருக்கும்போது அப்படி ஒருவரைத் தேடிப்பிடிப்பது கஷ்டமில்லை. அவர் ஆண்டுகளையும் உறவுமுறைகளையும் திருத்துவார். இன்னொருவர் வயலில் இறங்கி வேலை செய்தவர். அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கரும்புத் தோட்டத்தில் அவர் சிரிக்காவிட்டாலும் பரவாயில்லை. ஏரி வெட்டும் அத்தியாயத்தில் நிறுத்தி, “ஐப்பசியில எவன்யா ஏரி வெட்டுவான்?” என்று கேட்டாரென்றால், மறுபேச்சுப் பேசாமல் அந்த அத்தியாயத்தைச் சித்திரைக்கு மாற்றுங்கள்.